தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஆண்டவருக்குக் காத்திருத்தலும்

உலகத்தில் காத்திராதார் ஒருவரும் இலர். உழவன் மழைக்குக் காத்திருக்கின்றான். தாய் தூரதேசஞ் சென்ற மகனுக்குக் காத்திருக்கின்றாள். மொரப்பூர் வாசிகளாகிய நமக்கோ இது மிகப் பழகிய காரியம். 1906ஆம் ஆண்டில் இவ்வூரிலிருந்து தருமபுரிக்குத் திறக்கப்பட்ட சிறிய இருப்புப்பாதை 1941இல் மூடப்பட்டது. அது மீண்டும் வருமென்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தனர். ஆயினும், திண்ணையிற் சாய்ந்து பொழுதுபோக்குதல் வேறு. வருபவருக்காக வீட்டைப் பெருக்கி விளக்கேற்றி வைத்தல் வேறு. கிறிஸ்தவனுடைய காத்திருத்தல் பின்னதைச் சேர்ந்ததென்பதற்கு வேதநாயகம் சாஸ்திரியாரின் சரித்திரம் தக்க சான்றாகும்.

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ஆந் தேதி திருநெல்வேலியில் வேளாளர் குலத்திற் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் என்பவர். சிறுவரின் கூர்மையான புத்தியைக் கண்ட சுவார்ட்ஸ் ஐயர், 1785இல் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தபோது, அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் பிள்ளைபோல் வளர்த்தார். பிற்காலத்தில் அரசரான சரபோஜியும் ஐயருடைய பராமரிப்பிலிருந்தவரே. ஆதலால் அரசகுமாரருக்கும் ஏழைக் கவிஞருக்கும் இளமையிலேயே நட்பு வேரூன்றிற்று. தரங்கம்பாடியிலும் கல்வி பயின்று, சாஸ்திரியார் தஞ்சைப் பாடசாலையில் தலைமை உபாத்தியாயரானார்.

1800ஆம் ஆண்டில் அவர் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். பிற குறவஞ்சிகளிலே தலைவி ஓர் அரசன்மீதோ தேவன்மீதோ காதல்கொண்டு ஏங்குவாள். இதிலே தேவமோகினி கிறிஸ்துநாதரின் வரவுக்கு ஏங்குகிறாள். குறிசொல்ல வருபவள் விசுவாசமாகிய குறத்தி. அவள் சொல்லினால் தலைவியின் கலக்கம் நீங்கி நம்பிக்கை பிறக்கிறது. ஆதிமுதல் உள்ள வேதசரித்திரத்தோடு, அக்காலத்தில் புதிதாயிருந்த வானசாஸ்திரத்தையும் ஆசிரியர் அதிலே அமைத்திருக்கின்றார். ஞானத்தச்ச நாடகத்திலோ நோவாவின் பேழையைப் பாடினார். மழைக்குறி தோன்றுமுன்னே மரம் அறுத்துப் பலகை சேர்த்த அத்தச்சனைவிடக் காத்திருத்தலுக்கு வேறு உதாரணம் வேண்டுமோ? கையிலே வேலையும் உள்ளத்திலே நம்பிக்கையுமாக அவன் காத்திருந்தான்.

சாஸ்திரியாரும் அங்ஙனமே இருந்தார். சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் தேகவியோகமானபின், புதிய குருமாருக்கும் அவருக்கும் பிணக்குகள் விளைந்தன. வேதபுத்தகத்தின் புது மொழிபெயர்ப்பையும், ஆலயத்திற் பழைய வழக்கங்கள் நீக்கப்படுவதையும் அவர் எதிர்த்தார். 1829ஆம் ஆண்டளவில் உத்தியோகத்தை இழந்தார். அப்போது சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். மன்னரும் 1832இல் காலஞ்சென்றார். அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிர்வாழ்ந்த சாஸ்திரியார், 1864ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24ஆந் தேதி தமது 89ஆம் பிராயத்தில் தஞ்சையிலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இங்கே ஒன்றை மறைத்தல், ஜாதிச் சங்கத்தின் பத்திரிகையாகிய இதற்கு அழகன்று. அவர் எதிர்த்தவற்றுள் ஜாதி வேறுபாட்டை ஆலயத்தினின்று அகற்றுவதும் ஒன்று. வேளாளர் தனித்து உட்காரும் வழக்கத்தை அவர் எழுத்தினாலும் ஆதரித்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அவ்வழக்கத்தை முற்றும் ஒழிக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சையில் அநேகர் சபையை விட்டே விலகினர். மணவாளனின் வருகையை அவ்வளவு இனிமையாகப் பாடிய அவரே, அம்மணவாளனின் பந்தியிலே இடம் பிரிக்கத் துணிந்தாரென்பது நம் நெஞ்சைச் சுடவேண்டும். ஏனெனில் அக்குறை அவரோடு ஒழிந்துபோகவில்லை; நம் வீட்டு நடையிலும் நம் சங்கத்தின் பந்தியிலும் அது இன்றும் எட்டிப்பார்க்கின்றது. அவருடைய பாட்டைக் கைக்கொள்வோம். அவருடைய பிழையைக் கைவிடுவோம்.

சகோதரரே, சகோதரிகளே, திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறுகள் மாத்திரம் காத்திருப்புக்குரியவை என்றெண்ண வேண்டாம். விடியுமுன் குடும்பமாக முழந்தாட்படியிடுதலும், பகையான அண்டை வீட்டாரிடம் நாமே முதலிற் செல்லுதலும், கூலியாளின் கூலியை அன்றைக்கே கொடுத்தலும், வாசலில் நிற்பவர் எக்குலத்தாரென்று கேளாமல் உள்ளே அழைத்தலும் ஆண்டவருக்கு வழியை ஆயத்தஞ்செய்யும் அன்றாட வேலைகளே. நோவாவின் பேழையிலே ஒவ்வொரு பலகையும் ஒரு ஜெபமாயிருந்ததுபோல, நம் நாட்கள் ஒவ்வொன்றும் ஆகுக. வருகிறவர் வந்து கதவைத் தட்டும்போது, நம் வீட்டிலே ஒருவருக்கும் இடமில்லையென்று சொல்லாதபடி கர்த்தர் நமக்கு அருள்புரிவாராக.