சிங்காரத்தோப்புச் சிறையில் வைகுண்டர்

எங்கள் ஏலப்பாறையும் தென்கோடிச் சாமித்தோப்பும் ஒருகாலத்தில் ஒரே திருவிதாங்கூர் நாடு. 1750 முதல் அந்நாட்டுக்குப் பத்மநாபசாமியே உரிமையாளர். மன்னர் அவருடைய தாசர். கோயில் வேறு, கோட்டை வேறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

1809-ல் சாமித்தோப்பில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு முடியாவது, சூடுவதாவது! மேல்சாதியார் சீறவே, பெயர் முத்துக்குட்டியாயிற்று. 1833-ல் திருச்செந்தூர்க் கடலில் மூழ்கி எழுந்தபின் அவர் வைகுண்டர். பல சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தனர்; ஆடவர் தலைப்பாகை கட்டிக் கண்ணாடிமுன் நின்று தொழுதனர். விக்கிரகமில்லை, பூசாரியில்லை.

ஆண்டவனே அரசனாயிருக்கும் நாட்டில் இது வழிபாடா, கலகமா? கலகமென்றே கொண்டது சுவாதித் திருநாள் அரசு. 1838-ல் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தது. தம் சாதியாரோடு மட்டும் நின்றுகொள்வதாக ஒப்பினால் விடுதலை என்றார்களாம். அவர் இணங்கவில்லை என்பது அன்பர்கள் வழிவழியாகச் சொல்வது. 110 நாள் கழித்து, 1839-ல் வெளிவந்தார். இசையில் வல்ல அம்மன்னருக்கு இந்தச் சுருதி மட்டும் பிடிபடவில்லை போலும்!

1851-ல் அவர் மறைந்தார். நிழல் தாங்கல்கள் ஊரூராய்ப் பெருகின. மாசி 20, அவர் அவதார நாள். இன்று குமரி மாவட்டத்துக்கு அரசே அந்நாளில் விடுமுறை விடுகிறது.