காற்றை எண்ணிக் கட்டியவர்

1854ஆம் ஆண்டு மே 17ஆம் நாள். அமெரிக்காவின் ஒகையோ ஆற்றின்மீது வீலிங் நகரில் அமைந்திருந்த தொங்குபாலம் சூறைக்காற்றில் அலையென எழுந்து தாழ்ந்தது. பின் முறுக்குண்டு ஆற்றில் வீழ்ந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் திறக்கப்பட்டபோது உலகிலேயே மிக நீண்ட இடைவெளி கொண்ட தொங்குபாலம் அது.

அதே வேளையில் நயாகரா ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தின்மேல் மற்றொரு தொங்குபாலம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன்மீது ஓடவிருந்ததோ தொடர்வண்டி! தொங்குபாலம் அந்த அதிர்வைத் தாங்காது என்றே பொறியாளர் பலர் கருதினர். அப்பணியை ஏற்றிருந்தவர் ஜான் அகஸ்டஸ் ரோப்ளிங்.

ஜெர்மனியின் மியூல்ஹவுசன் நகரில் 1806இல் பிறந்த ரோப்ளிங், பெர்லினில் பொறியியல் பயின்றார். 1831இல் அமெரிக்காவில் குடியேறி உழவரானார், உழவு கைகொடுக்கவில்லை. மீண்டும் பொறியியலுக்குத் திரும்பியவர், படகுகளை மலைச்சரிவில் இழுத்த சணற்கயிறுகள் தேய்ந்து அறுவதைக் கண்டார். அவற்றுக்கு மாற்றாக 1841இல் இரும்புக்கம்பி வடங்களைச் செய்யத் தொடங்கினார்.

பாரத்தைத் தாங்கும் வலிமை வேறு, அசையாது நிற்கும் விறைப்பு வேறு என்பதை ரோப்ளிங் உணர்ந்திருந்தார். பெரும்பாரம் சுமக்கும் பாலத்தையும் காற்று ஆட்டிவிடக்கூடும். சிற்றசைவு தணியாமல் வளர்ந்தால் பாலமே முறியும். எனவே நயாகராப் பாலத்தின் ஈரடுக்குத் தளங்களை ஆழமான சட்டகத்தால் பிணைத்தார்; கோபுரங்களிலிருந்து சாய்வு வடங்களை இறக்கினார். வீலிங் செய்தி எட்டியதும், தளத்தைக் கீழுள்ள பாறைகளோடு வடங்களால் இழுத்துக் கட்டினார். 1855 மார்ச்சில், 821 அடி இடைவெளியைத் தொடர்வண்டி கடந்தது. அதன் பாரத்தில் பாலம் எவ்வளவு தாழ்கிறது என்பதையும் அவர் அளந்து பார்த்தார். 42 ஆண்டுகள் உழைத்த அப்பாலத்தைக் காற்று வீழ்த்தவில்லை; தொடர்வண்டிகளின் எடை பெருகியதால்தான் அது மாற்றப்பட்டது.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை அவர் வடிவமைத்தாரேயன்றிக் கண்ணால் காணவில்லை. 1869 ஜூனில் இடம் ஆய்ந்துகொண்டிருந்தபோது, துறையில் வந்து மோதிய படகு அவரது பாதத்தை நசுக்கியது. மருத்துவரை மறுத்து, தாம் நம்பிய நீர்ச்சிகிச்சையையே மேற்கொண்டார். இரும்பை அத்துணை நுணுகி ஆய்ந்தவர், தம் உடலின்பால் அத்தகைய கவனம் கொள்ளவில்லை. இசிவுநோய் கண்டு, ஜூலை 22இல் மறைந்தார். மகன் வாஷிங்டன் பணியைத் தொடர்ந்தார். அவரும் நோயுற்றபோது மருமகள் எமிலி துணைநின்றார். 1883இல் பாலம் திறக்கப்பட்டது.

பின்வந்தோர் மெல்லிய தளங்களை விரும்பினர். 2800 அடி இடைவெளிக்கு எட்டடி ஆழமே கொண்ட டகோமா பாலம், 1940 நவம்பர் 7இல், புயலென்று சொல்லவியலாத காற்றிலேயே முறுக்கி உடைந்தது. அதன்பிறகே பாலங்களின் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பது வழக்கமாயிற்று. ரோப்ளிங் வரைந்த சாய்வு வடங்களோ, புரூக்ளின் கோபுரங்களிலிருந்து விசிறிபோல் விரிந்து இன்றும் தளத்தைப் பற்றி நிற்கின்றன.