இடையன்குடியில் வேரூன்றிய பேராயர்

பேராயர் கால்டுவெல் என்றவுடன் தமிழ் மாணவர்க்கு நினைவில் எழுவது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே. தேர்வுக்கு அந்நூலின் ஆண்டையும் ஆசிரியர் பெயரையும் மனனம் செய்துவிட்டு அப்பால் சென்றுவிடுகிறோம். அப்பேரறிஞர் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகத் தம் ஊர் எனக் கொண்டது தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றனை என்பதும், அவ்வூர் நம் ஆறுமுகநேரியினின்று அரைநாளில் சென்று மீளத்தக்க தொலைவிலேயே உள்ளது என்பதும் பலர் அறியாதன. ஆகவே, இலக்கணத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, இடையன்குடியில் அவர் வாழ்ந்த வாழ்வை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

இராபர்ட்டு கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே திங்கள் 7-ஆம் நாள் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. பிறந்த ஊர் ஒன்று, முன்னோர் நாடு ஒன்று, வளர்ந்த நகர் ஒன்று என ஆனவருக்கு எதனைச் சொந்த ஊர் என்பது? சில காலம் டப்ளினில் ஓவியமும் பயின்றார். பின்னர்க் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், கிரேக்கப் பேராசிரியர் சேண்ட்போர்டு என்பாரிடம் பயின்றபோதுதான் மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் வேட்கை அவருள் முளைத்தது.

1838 சனவரியில் இலண்டன் மிஷன் சங்கத்தார் அனுப்பச் சென்னை வந்திறங்கினார். அவர் வந்த கப்பலிலேயே தெலுங்கறிஞர் சி. பி. பிரவுனும் வந்தார், மொழியறிவுக்கு அது நல்ல வழித்துணை. சென்னையில் மூன்றாண்டு தமிழ் பயின்றபின் 1841-இல் எஸ்.பி.ஜி. சங்கத்தில் இணைந்தார். அவ்வாண்டே சென்னையினின்று புறப்பட்டு, தஞ்சை, திருச்சி, நீலகிரி, கோவை, மதுரை எனச் சுற்றி, பெரும்பாலும் கால்நடையாகவே நெல்லைச் சீமையை அடைந்தார். மக்கள் பேசும் தமிழை மக்களிடமே கேட்டறிதல் வேண்டும் என்பது அவர் எண்ணம். மகிழுந்தில் ஏறிக் கள ஆய்வுக்குச் செல்லும் நம் காலத்து ஆய்வாளர் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

ஆண்டிறுதியில் அவர் இடையன்குடி வந்து சேர்ந்தபோது கண்டவை செம்மணல் தேரியும் பனைகளும் ஒழுங்கின்றிச் சிதறிய குடிசைகளுமே. காற்றடிக்குங் காலத்தில் மணற்குன்று இடம் பெயரும். நேற்றிருந்த பாதை இன்றிராது. கால்டுவெல் நிலம் வாங்கினார், தெருக்களை நேராக வகுத்தார், கிணறு வெட்டுவித்தார், மரம் வைப்பித்தார். இன்றும் அவ்வூர்த் தெருக்களின் நேர்மையில் அவர் கைவண்ணத்தைக் காணலாம்.

1844 மார்ச்சுத் திங்களில் நாகர்கோயிலில் எலைசா மால்ட் அம்மையாரை மணந்தார். அம்மையாரின் பெற்றோர் சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் 1819 முதல் நாஞ்சில் நாட்டில் பணி செய்தவர்கள். கணவர் ஏட்டிலும் பயணத்திலும் தேடிக்கற்ற தமிழ், மனைவிக்குக் குழந்தைப் பருவத்திலேயே காதில் விழுந்த மொழி. ஒப்பிலக்கண ஆசிரியரைப் போற்றும் கூட்டங்களில் அம்மையார் பெயரை எவரும் எடுப்பதில்லை, அது குறையே. இடையன்குடியில் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி அமைத்தவர் அவர். தாயார் மார்த்தா நாகர்கோயிலில் கற்பித்த ரேந்தைப் பின்னலை மகள் இடையன்குடிக்குக் கொணர்ந்தார். பனைத்தொழிலன்றி வேறு பிழைப்பறியாத வீடுகளில் பெண்கள் தம் கையால் காசு ஈட்டலாயினர். தாய் மகளுக்கும், மகள் ஊர்ப் பெண்களுக்கும் எனக் கைமாறிய இக்கலையும் ஒருவகைக் கால்வழியே.

ஆயினும், ஊரோடு அவர் கொண்ட உறவில் ஒரு முள்ளும் இருந்தது. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. தாம் யாரிடை வாழ்ந்தாரோ அந்த நாடார் பெருமக்களைப் பற்றி 1849-இல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அம்மக்கள் இலங்கையினின்று வந்தேறியவர் என்றும், அறிவிலும் நாகரிகத்திலும் பின்தங்கியவர் என்றும் அதில் எழுதினார். அயல்நாட்டில் சமயப்பணிக்கு ஆதரவு திரட்டும் நோக்கில் எழுதப்பெற்றது எனினும், எழுத்தறிவு பெற்ற அடுத்த தலைமுறையினர் அதனைப் படித்தபோது கொதித்தெழுந்தனர். அவர் நிறுவிய பள்ளிகளைப் போன்றவற்றில் கற்றவர்களே அவரை மறுத்தெழுதினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மறுத்தோருள் முன்னின்ற அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் சார்பற்ற இந்து கிறித்தவ சபையைத் தோற்றுவித்தார். பின்னாளில் கண்டனங்கள் பெருகவே அந்நூல் புழக்கத்தினின்று மீட்டுக்கொள்ளப்பட்டது. ஓர் ஊரில் நெடுங்காலம் வாழ்வதனாலேயே அவ்வூராரை முழுதும் அறிந்தவராகிவிட முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது. அவ்வளவு நடந்தும் அவர் ஊரை விட்டு நீங்கவில்லை. ஊராரும் அவரை விலக்கிவிடவில்லை.

ஒப்பிலக்கணம் 1856-இல் இலண்டனில் வெளிவந்தது. தென்னக மொழிகள் ஓரினத்தவை என்பதை 1816-லேயே எல்லிசு துரை சுட்டியிருப்பினும், விரிவான சான்று காட்டி நிறுவியவர் கால்டுவெல்லே. 1875-இல் வெளியான இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகள் ஆராயப்பெற்றன.

நம் பகுதிக்கு அவர் செய்த மற்றொரு தொண்டு, கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்ததாகும். ஆற்றுமண் படியப் படியக் கடல் விலக, கொற்கைத் துறை காயலுக்கு இடம் பெயர்ந்தது என்பதை அவர் விளக்கினார். மார்க்கோ போலோ குறித்த காயல், ஆறுமுகநேரிக்கு வடக்கே ஆற்றுக்கு அப்பாலுள்ள பழையகாயலே என்பது அவர் முடிபு. காயல்பட்டினத்துப் பெரியோர் சிலர் இதனை ஏலார்; அவ்வழக்கு இன்றளவும் முடிந்தபாடில்லை. பழையகாயல் மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடக்கக் கண்டு அவர் பொறுக்கி எடுத்தார். அரபு நாட்டோடு நடந்த வாணிகத்தை நினைவில் வைத்திருந்த அவ்வூர் மக்கள் சீன வாணிகத்தை அறவே மறந்துவிட்டனர் என்றும் குறித்தார். ஊரார் மறந்ததை உடைந்த ஓடுகள் மறக்கவில்லை. இவ்வாய்வுகளின் பயனாகத் திருநெல்வேலிச் சரித்திரம் 1881-இல் வெளிவந்தது.

இடையன்குடி ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல் இட்டனர். அது நிறைவெய்தியது 1880 சூலை 6-இல்; முப்பத்து மூன்று ஆண்டுப் பணி! கூர்நுனி வளைவுடைய மேனாட்டுப் பலகணிகளை உள்ளூர்க் கொத்தனார் அதற்குமுன் கண்டதில்லை. கால்டுவெல் தம் கையாலேயே களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டினார். அவர்கள் அதனைப் பார்த்துக் கல்லில் செய்தனர். டப்ளினில் பயின்ற ஓவியம் வீண்போகவில்லை.

1877-இல் பேராயராக உயர்த்தப்பெற்றார். அது கொடிய பஞ்சக் காலம். 1883-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள கால்டுவெல் பள்ளி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. மகள் இசபெல்லாவின் கணவர் வயாட் பாதிரியார், மாமனார் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1894-இல் நூலாக்கினார். 1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது. இடையன்குடி இல்லமும் தமிழக அரசால் நினைவில்லமாக்கப்பட்டுள்ளது.

1891-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பணி ஓய்வு பெற்ற கால்டுவெல், அயர்லாந்துக்கோ கிளாஸ்கோவுக்கோ திரும்பினாரில்லை. கோடைக்கானலில் தங்கி, ஆகஸ்டு 28-இல் அங்கேயே உயிர் நீத்தார். உடலை மலையினின்று இறக்கி இடையன்குடிக்குக் கொணர்ந்து, அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். எட்டாண்டுகள் கழித்து, 1899-இல், எலைசா அம்மையாரும் அதே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். நாஞ்சில் நாட்டில் வளர்ந்த அவருக்கு அது அயல்மண் அன்று.