எஃப் ஆஃப் எக்ஸை எழுதிப் பழக்கியவர்

முதல்ல பெயர். ஸ்பெல்லிங்கைப் பார்த்து யூலர்னு படிக்கிறவங்க நம்ம காலேஜ்லயே நிறைய பேர். ஆய்லர்தான் சரி. லியோனார்டு ஆய்லர். 1707 ஏப்ரல் 15-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் பிறந்தவர். அப்பா பாதிரியார். பையனும் பாதிரியார் ஆகணும்னுதான் வீட்டு ஆசை. பையனுக்கோ கணக்கு மேலதான் கண்ணு.

பாசல்ல அப்போ யோகான் பெர்னூலி இருந்தார். அவர் தனியா பாடம் எடுக்க ஒத்துக்கல. கஷ்டமான புத்தகங்களை நீயே படி, புரியாததை மட்டும் சனிக்கிழமை வந்து கேள்னு சொல்லிட்டார். சனிக்கிழமை போய் நிறைய கேட்டா மானம் போயிடுமேன்னு வாரம் முழுக்க ஆய்லர் தானே மண்டையை உடைச்சுப்பார். கடைசியில் பெர்னூலியே அப்பாகிட்ட பேசி, பையனைக் கணக்குப் பக்கம் விட வெச்சார்.

1727-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் வேலை கிடைச்சது. அங்கே 1734-ல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் எஃப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஃபங்ஷனை எழுதினார். ஃபங்ஷன்னா நமக்கு வளைகாப்பும் காதுகுத்தும்தான் முதல்ல ஞாபகம் வரும், அது வேற! கணக்கில் அந்த வார்த்தையைக் கொண்டு வந்தவர் லைப்னிட்ஸ். அதுக்கு ஒரு வரையறை கொடுத்தவர் பெர்னூலி. ஆனா அதைக் கால்குலஸின் நடு மையத்தில் உட்கார வைத்தவர் ஆய்லர். அதுவரை கால்குலஸ்னா வளைகோடுகள் பற்றிய படிப்பு, ஜியாமெட்ரியோட சொந்தக்காரன். 1748-ல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் முதல் அத்தியாயமே ஃபங்ஷன்தான்.

அந்தப் புத்தகத்தில் அவர் சொன்னது: மாறும் ஒரு அளவையும் சில எண்களையும் வைத்து எழுதப்படும் ஒரு கோவைதான் ஃபங்ஷன். அதாவது ஃபார்முலா. நாமும் பிளஸ் டூ வரை அப்படித்தான நினைச்சுட்டு இருந்தோம்?

அதை ஆட்டிப் பார்த்தது ஒரு கம்பி. இரண்டு முனையும் கட்டிய கம்பியை நடுவில் இழுத்துப் பிடித்தால் முக்கோணம் மாதிரி நிற்கும், உச்சியில் ஒரு மூலை. விட்டதும் அதிரும். அந்த ஆரம்ப வடிவத்தை ஃபங்ஷன்னு சொல்லலாமா? ஒரே ஃபார்முலாவில் அடங்காததை ஏற்க முடியாதுன்னார் பிரான்சின் டாலம்பேர். கையால் வரைந்த வடிவமா இருந்தாலும் கம்பி அதிரத்தானே செய்யுது, அதையும் சேர்க்கணும்னார் ஆய்லர். இந்தச் சண்டை வருஷக்கணக்கில் ஓடியது. 1755-ல் வந்த அடுத்த புத்தகத்தில் வரையறையை மாற்றி எழுதிட்டார்: ஒரு அளவு மாறும்போது அதைச் சார்ந்த இன்னொன்றும் மாறினால், அந்த இன்னொன்று முதல் அளவின் ஃபங்ஷன். ஃபார்முலா பற்றி அதில் பேச்சே இல்லை. ஏழே வருஷத்தில் தன் வரையறையைத் தானே தாண்டிப் போனது எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம். ஒரு இன்புட்டுக்கு ஒரே அவுட்புட்தான் இருக்கணும் என்ற நம்ம கண்டிஷன் மட்டும் அவர்கிட்ட கிடையாது. பல மதிப்பு தரும் ஃபங்ஷன்களையும் அவர் சேர்த்துக்கிட்டார்.

இதெல்லாம் நடந்தது பெர்லினில். 1741-ல் அங்கே போனவர். வலது கண் பார்வை அதுக்கு முன்னாடியே, 1738 வாக்கிலேயே போயிருந்தது. பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக் அதை வைத்தே ஒற்றைக்கண் அரக்கன்னு கேலி பேசினார். பேச்சுத் திறமை காட்டுறவங்களைத்தான் அந்த அரசருக்குப் பிடிக்கும், ஆய்லருக்கு அது வராது. 1766-ல் மூட்டை கட்டிக்கொண்டு ரஷ்யாவுக்கே திரும்பினார்.

போன கொஞ்ச நாளில் இடது கண்ணில் புரை. 1771-ல் அறுவை சிகிச்சை, பிறகு தொற்று, கிட்டத்தட்ட முழு இருட்டு. அதே வருஷம் வீடு தீப்பிடித்து எரிந்தது. பாசல்காரர் ஒருவர் உள்ளே புகுந்து அவரைத் தோளில் தூக்கிட்டு வந்தார். 1773-ல் மனைவி கத்தரீனா இறந்தார். அவர்களுக்குப் பிறந்த 13 குழந்தைகளில் 5 பேர்தான் சின்ன வயசைத் தாண்டினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வேகம் குறையல. மனசிலேயே கணக்குப் போட்டு, மகன்களும் உதவியாளர்களும் எழுத எழுதச் சொல்லிட்டே இருந்தார். எண்ணூறுக்கும் மேற்பட்ட படைப்புகளில் கிட்டத்தட்ட பாதி இந்தக் காலத்தில் வந்தது.

1783 செப்டம்பர் 18. காலையில் பேரப்பிள்ளைக்குக் கணக்குப் பாடம். மதியம், இரண்டு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்த யுரேனஸின் சுற்றுப்பாதை பற்றிப் பேச்சு. சாயங்காலம் மூளையில் ரத்தக்கசிவு, அன்றே போய்விட்டார். வயது 76. அவர் விட்டுப்போன கட்டுரைகளை அகாடமி அதுக்கப்புறமும் பல பத்தாண்டுகள் அச்சடித்துக்கொண்டே இருந்தது.