நகை விளைத்த நாடகப் பேராசான் மொலியேர்

மெய்ப்பாடு எட்டினை வகுத்துரைத்த தொல்காப்பியர் நகையை முதற்கண் வைத்தார். ஆயினும், மேடையில் நகையை விளைத்தல் அழுகையை விளைத்தலினும் அரிது. ஒருவன் மற்றொருவனைத் தடியால் அடிக்கும் காட்சியில், அடி சற்றே பிழைத்தால் நடிகனுக்கு நோவு. சற்றே பிந்தினால் அவையோர்க்குச் சலிப்பு. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளெல்லாம் மேடையில் நிலைநாட்டியவர் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர்.

ஜான் பத்தீஸ்த் பொக்லன் என்னும் இயற்பெயருடைய இவர் 1622ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் அரண்மனைக்குத் திரைச்சீலை, இருக்கை முதலியன அமைக்கும் உரிமை பெற்றவர். மைந்தர் இயேசு சபையாரின் கிளெர்மொன் கல்லூரியிற் பயின்றார் என்பர். மாணாக்கர் நாடகம் நடித்தலைக் கல்வியின் ஓர் அங்கமாகப் போற்றியோர் அச்சபையார். தந்தையின் தொழிலைத் துறந்த மொலியேர், 1643இல் நண்பரோடு கூடி ஒரு நாடகக் குழுவை நிறுவினார். வருவாய் குன்றிற்று, கடன் பெருகிற்று, 1645இற் சிறையும் புகுந்தார். எனினும் மனந்தளராது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று நடித்தார்.

1658இல் பதினான்காம் லூயி மன்னர் முன்னிலையில் நடித்து அவரது ஆதரவைப் பெற்றார். குழுவுக்குக் கிடைத்த அரங்கிலே இத்தாலிய நடிகரும் முறைவைத்து நடித்தனர். உடலசைவினாலேயே சிரிப்பூட்டும் அவர்தம் கலையை மொலியேர் தமதாக்கிக் கொண்டார். 1663இல், தம் குழுவின் ஒத்திகையையே பொருளாக வைத்து ஒரு நாடகம் இயற்றினார். ஒவ்வொருவர்க்கும் அவரவர் பாத்திரத்தின் இயல்பை எடுத்துரைக்கும் ஆசானாக அதில் அவரே தோன்றினார்.

பெருமகனாக விழைந்த வணிகனைப் பற்றிய அவரது நாடகம் 1670இல் அரங்கேறிற்று. அதில் இசையாசிரியர், நடன ஆசிரியர், வாட்பயிற்சி ஆசிரியர் மூவரும் தத்தம் கலையே சிறந்ததெனப் பூசலிடுகின்றனர். சினத்தை அடக்குமாறு அறிவுரை கூறவந்த தத்துவ ஆசிரியரும் ஈற்றிற் சினந்து கைகலக்கிறார்! 1671இல் வெளிவந்த ‘ஸ்கப்பேன்’ நாடகத்திலோ, தந்திரமிக்க வேலையாள் ஒருவன் முதியவரைச் சாக்கினுள் ஒளித்து, பகைவர் வந்தனரெனக் குரல்மாற்றிப் பேசித் தானே தடியால் அடிக்கிறான். முதியவர் தலைநீட்டிப் பார்த்தவுடன் குட்டு வெளிப்படுகிறது. குரல், தடி, தலை ஆகிய மூன்றும் உரிய கணத்தில் இயங்கினாலன்றிச் சிரிப்புப் பிறவாது. சாக்கினுள் இருப்பவர் அடி வருவதைக் காணார். அடிப்பவரின் பயிற்சியை நம்பியே அமர்ந்திருத்தல் வேண்டும். அவ்வேலையாளாக நடித்த மொலியேருக்கு அப்போது வயது 49. நெஞ்சு நோயும் அவரைப் பற்றியிருந்தது.

1673 பெப்ரவரி 17ஆம் நாள், நோயாளியெனத் தம்மையே கருதிக்கொள்ளும் ஒருவராக நான்காம் முறை மேடையேறினார். ஓய்வு கொள்ளுமாறு உற்றோர் வேண்டியும், நாட்கூலி பெறும் தொழிலாளர் ஐம்பதின்மர் ஊதியமிழப்பரே என்று இரங்கி மறுத்தார் என்பர். நாடகத்தின் இடையில் வலிப்புற்றார், அதனைச் சிரிப்பால் மறைத்து இறுதிவரை நடித்தார், அன்றிரவே உயிர்நீத்தார். நடிகரென்பதால் திருச்சபையின் அடக்கம் முதலில் மறுக்கப்பட்டது. மன்னர் தலையிட்ட பின்னரே இரவிற் புதைக்கப்பட்டார். 1680இல் அவர் குழுவினர் பிறரோடு இணைந்து உருவான பிரெஞ்சு தேசிய அரங்கு, இன்றும் ‘மொலியேர் இல்லம்’ என வழங்குகின்றது.

நகைச்சுவை நாடகத்துக்கு ஒத்திகை மிகுதியாக வேண்டுவதில்லை எனக் கருதும் மாணாக்கர் உளர். அன்னார் மொலியேரின் வாழ்வை நினைவிற் கொள்வாராக. பார்ப்போர்க்கு விளையாட்டாகத் தோன்றுவது, நடிப்போர்க்குத் தவம்.