22 பேர் டீமை ஒற்றை ஆளாக வீழ்த்திய வீராங்கனை: யார் இந்த பேப் டிட்ரிக்சன்?

ஒரு பக்கம் 22 பெண்கள் கொண்ட சிகாகோ பகுதி கிளப் டீம். இன்னொரு பக்கம் ஒரே ஒரு பெண். போட்டி முடிந்து பாயின்ட்டைக் கூட்டினால் அந்த ஒருத்திக்கு 30, அந்த 22 பேருக்கும் சேர்த்து 22. கதை இல்லை. 1932 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரில் நடந்த தேசியத் தடகளப் போட்டியில் நிஜமாகவே நடந்தது. ஒலிம்பிக் அணிக்கான தேர்வும் அதுதான்.

அவர் பெயர் மில்ட்ரெட் டிட்ரிக்சன். எல்லோருக்கும் ‘பேப்’. டெக்சாஸின் போர்ட் ஆர்தரில், நார்வேயிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் 1911-ல் பிறந்தவர். டல்லாஸில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. பேருக்குத்தான் டைப்பிஸ்ட், உண்மையில் கம்பெனியின் கூடைப்பந்து டீமுக்காக எடுத்த ஆள்.

எவன்ஸ்டனில் அன்று சுமார் மூன்று மணி நேரத்தில் எட்டுப் போட்டிகளில் இறங்கினார். குண்டு எறிதல், ஈட்டி எறிதல், பேஸ்பால் எறிதல், நீளம் தாண்டுதல், 80 மீட்டர் தடை ஓட்டம் என ஐந்தில் முதலிடம். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலியுடன் சமநிலை. வட்டு எறிதலில் நான்காவது. 100 மீட்டரில் மட்டும் ஃபைனலுக்குப் போகவில்லை.

மூன்றுக்கு மேல் கூடாது!

இப்படிப்பட்டவர் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் எத்தனை பதக்கம் அள்ளியிருப்பார்? அங்கேதான் சிக்கல். தடகளத்தில் பெண்களுக்கு இருந்ததே மொத்தம் ஆறு போட்டிகள். அதிலும் ஒருவர் மூன்றில்தான் கலந்துகொள்ளலாம். பெண் உடம்பு தாங்காது என்ற எண்ணம் ஊறிப்போயிருந்த காலம். 1928-ல் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்ததைப் பார்த்துப் பதறி, அந்தப் போட்டியையே 1960 வரை தூக்கி வைத்துவிட்டார்கள்.

சரி, மூன்று என்றால் மூன்று. ஈட்டி எறிதலில் முதல் வீச்சிலேயே ஈட்டி கையில் வழுக்கியது, தோளில் அடி. ஆனாலும் அது 43.69 மீட்டர் போய்த் தங்கத்தைக் கொடுத்தது. 80 மீட்டர் தடை ஓட்டத்தில் 11.7 விநாடி, உலக சாதனை. எவ்லின் ஹாலுக்கும் அதே நேரம்தான். தங்கம் பேப்புக்குப் போனது.

உயரம் தாண்டுதலில் மறுபடியும் ஷைலியுடன் சமநிலை. வெற்றியாளரைத் தீர்மானிக்க மீண்டும் தாண்டச் சொன்னார்கள். இருவருமே தாண்டினார்கள். அப்போது நடுவர்கள், பேப்பின் தலை உடம்புக்கு முன்பாகக் கம்பியைக் கடக்கிறது, அது செல்லாது என்றார்கள். முன்பும் அப்படித்தானே தாண்டினார்? அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. கிடைத்தது வெள்ளி. இன்றைய உயரம் தாண்டும் வீரர்கள் எல்லோரும் தலையை முதலில் கொண்டுபோய்த்தான் தாண்டுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஓட்டம், எறிதல், தாண்டுதல் மூன்றிலும் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய வேறொருவர் இதுவரை இல்லை. இத்தனை திறமைகளையும் ஒன்றாகச் சோதிக்கும் போட்டி பெண்களுக்கு வந்ததோ 1964-ல்தான், ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானாக. ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானுக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விளம்பரத்தால் வந்த வினை

அதே 1932 டிசம்பரில் ஒரு கார் விளம்பரத்தில் பேப்பின் பெயரும் படமும் வந்தன. அமெச்சூர் விளையாட்டு வீரர் காசு பார்க்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். தடை விதித்தார்கள். தன்னைக் கேட்காமல் போட்டது என்று அவர் சொன்ன பிறகு தடை நீங்கியது. ஆனால், அவர் தொழில்முறைக்கே மாறிவிட்டார். பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய நேரம். பதக்கத்தை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியுமா? 21 வயதில் தடகளம் முடிந்தது. மேடையில் மவுத் ஆர்கன் வாசித்தார், தாடிக்கார ஆண்களின் பேஸ்பால் டீமுடன் ஊர் ஊராகச் சுற்றினார். பத்திரிகைகள் சில அவர் பெண்தானா என்றே கிண்டல் செய்தன.

பிறகு கோல்ஃப். அதுவே தனிக் கதை. 1947-ல் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார். 1950-ல் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏ-வைத் தொடங்கிய 13 பேரில் ஒருவர்.

1953-ல் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, வயிற்றில் திறப்பு வைத்துக் கழிவை வெளியேற்றும் நிலை. நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் கூசிய காலத்தில் அவர் அதை வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டே, அந்த உடம்போடு அமெரிக்க மகளிர் ஓப்பனை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 1955-ல் நோய் திரும்பியது. 1956 செப்டம்பர் 27 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் இறந்தபோது பேப்புக்கு வயது 45.