அமெரிக்கோ பரேடெஸ்

அமெரிக்கோ பரேடெஸ் (செப்டம்பர் 3, 1915 – மே 5, 1999) ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த நாட்டாரியல் அறிஞரும் எழுத்தாளரும் பேராசிரியரும் ஆவார். மெக்சிக்கோ வம்சாவளி மக்களின் வாய்மொழி மரபைப் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய துறையாக நிலைநிறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமை

இவர் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள பிரவுன்ஸ்வில் நகரில் பிறந்தார். ஆற்றின் மறுகரை மெக்சிக்கோ ஆகும். இவர் பிறந்த 1915 ஆம் ஆண்டில், தெற்கு டெக்சாசில் மெக்சிக்கோ வம்சாவளியினர் பலர் டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்னும் மாநிலக் காவற்படையினராலும் பிறராலும் கொல்லப்பட்டனர். சிறுவயதுக் கோடை விடுமுறைகளை மெக்சிக்கோவில் உறவினருடன் கழித்தபோது, முதியோர் கூறிய கதைகளையும் "கொரிடோ" எனப்படும் ஸ்பானிய மொழிக் கதைப்பாடல்களையும் கேட்டு வளர்ந்தார்.

பின்னர் உள்ளூர் நாளிதழில் பணியாற்றினார். 1937 இல் இவரது முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படையில் சேர்ந்து, போருக்குப் பின் ஜப்பானில் படைத்துறை இதழொன்றில் எழுதினார். 1950 இல் தாயகம் திரும்பி, ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1951 இல் இளங்கலை, 1953 இல் முதுகலை, 1956 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

கொர்த்தெசு ஆய்வு

இவரது முனைவர் பட்ட ஆய்வு கிரெகோரியோ கொர்த்தெஸ் என்னும் விவசாயியைப் பற்றிய கதைப்பாடலை அடிப்படையாகக் கொண்டது. 1901 இல் குதிரைத் திருட்டு பற்றி விசாரிக்க வந்த செரீப்பின் மொழிபெயர்ப்பாளர், ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் குறிக்கும் ஸ்பானியச் சொற்களைக் குழப்பிக்கொண்டார். வாக்குவாதத்தில் செரீப் கொர்த்தெசின் அண்ணனைச் சுட்டார். கொர்த்தெஸ் செரீப்பைச் சுட்டுக் கொன்றார். நூற்றுக்கணக்கானோர் தேடியும் பத்து நாட்கள் பிடிபடாமல் தப்பினார். 1913 இல் ஆளுநர் இவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அதிகாரபூர்வ வரலாறு இவரைக் குற்றவாளியாகக் காட்ட, மக்களின் பாடல் வீரனாகப் போற்றியது. பரேடெஸ் இரண்டையும் ஒப்பிட்டு, பாடலும் வரலாற்றுச் சான்றே என நிறுவினார். ரேஞ்சர்களைப் புகழ்ந்து 1935 இல் நூல் எழுதிய வால்ட்டர் பிரெஸ்காட் வெப் அதே பல்கலைக்கழகத்தின் செல்வாக்குமிக்க பேராசிரியர். அவர் மீதான விமர்சனத்தை நீக்குமாறு கேட்கப்பட்டபோது பரேடெஸ் மறுத்துவிட்டார். நூல் 1958 இல் அப்பல்கலைக்கழகத்தின் அச்சகத்தாலேயே வெளியிடப்பட்டது. இதைத் தழுவிய திரைப்படம் 1982 இல் வந்தது.

வளாகப் பணிகள்

தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரான இவர், 1967 இல் அங்கு நாட்டாரியல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். 1970 இல் மெக்சிக்க அமெரிக்கர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டதிலும் முக்கியப் பங்கு வகித்தார். தம் வீட்டில் கேட்ட பாடலும் கதையும் பாடத்திட்டத்தில் இடம்பெறத் தகுதியானவை என்பதை அவ்வளாகத்தின் மெக்சிக்க அமெரிக்க மாணவர்கள் இதன்மூலம் கண்டனர்.

பிற படைப்புகளும் சிறப்புகளும்

எல்லைப்புறப் பாடல்களின் தொகுப்பு நூலை 1976 இல் வெளியிட்டார். 1930களின் பிற்பகுதியில் எழுதிய "ஜார்ஜ் வாஷிங்டன் கோமெஸ்" என்ற புதினம் அரை நூற்றாண்டு கழித்து 1990 இல் அச்சேறியது. அதே ஆண்டு மெக்சிக்கோ அரசு இவருக்கு அசுட்டெக் கழுகு விருது வழங்கியது. 1999 இல் ஆஸ்டினில் காலமானார். அந்நகரில் நடுநிலைப் பள்ளி ஒன்று இவரது பெயரைத் தாங்கியுள்ளது.